‘அங்கே என்னப்பா இருக்கு?’

டண்டீ,
மே 4

அன்புள்ள தேன்மொழிக்கு,

வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவைக்கிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்துவிட்டேன். தமிழ் வாசிக்க உனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், ஆகட்டும். தெரியாத சொல் வந்தால் போன் செய். அந்தச் சாக்கிலாவது பேசலாம்.

நீ அனுப்பிய பயண அட்டவணையைப் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். பதினொரு நாளையும் மணிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறாய். எடின்பரோ மூன்று நாள், லாக் நெஸ் ஒரு நாள், க்ளென்ஃபினன் ரயில் பாலம், ஸ்கை தீவு மூன்று நாள். எங்கள் ஊருக்கு வந்ததும் நிறம் தீர்ந்துவிட்டதுபோல் வெள்ளைக் கட்டத்தில் ‘ரெஸ்ட்’ என்று இரண்டு நாள். சரி, அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த இரண்டில் ஒன்றை லூனன் பே கடற்கரைக்குக் கொடு என்று போனில் சொன்னதற்கு, “அங்கே என்னப்பா இருக்கு?” என்று கேட்டாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பதில் சொல்ல முடியவில்லை. உன் அம்மா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வயதில் நீ முதன்முதலாக அங்கே வந்தபோதும் இதையேதான் சொன்னாய். “இங்க ஒண்ணுமே இல்லப்பா.” ஊஞ்சல் இல்லை, ராட்டினம் இல்லை, ஐஸ்கிரீம் வண்டி இல்லை. மணல் மேடுகளைத் தாண்டி இறங்கினோம். இரண்டு மைல் நீளத்துக்கு லேசான செம்மை படிந்த மணல். மொத்தக் கரையிலும் நாம் மூவர், தூரத்தில் நாயோடு ஒரு கிழவர். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் உன்னைக் காருக்குத் தூக்கிக்கொண்டு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் அந்த இடத்தை முதலில் பார்த்தது அதற்கும் ஐந்து வருடம் முன்னால், 1991 குளிர்காலத்தில். கரூர்க்காரனுக்குக் கடல் என்றால் வருடத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிற பொருள். இங்கே வந்த புதிதில், டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றி ஆர்ப்ரோத் தாண்டிக் கூட்டிப்போனார். கடலைப் பார்த்த மாதிரி காரை நிறுத்தினார், ப்ளாஸ்கைத் திறந்தார், ஆளுக்கு ஒரு டீ ஊற்றினார். குடித்து முடித்ததும் வண்டியைத் திருப்பினார். கீழே இறங்கவே இல்லை! கடலைப் பார்க்க வந்து காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது இந்த நாட்டுக்காரர்களுக்குச் சாதாரணம் என்பது பிறகுதான் புரிந்தது. இப்போது நானும் அதைச் செய்கிறேன், உன் அம்மாவும்தான். நாங்கள் ப்ளாஸ்கில் கொண்டுபோவது சுக்குக் காப்பி.

அங்கே ஓர் ஆறு இருப்பது ஞாபகம் இருக்கிறதா? லூனன் வாட்டர். ஃபார்ஃபர் பக்கத்து ஏரிகள் வழியாக ஓடி வந்து, கரையை இரண்டாக வெட்டிக்கொண்டு கடலில் விழும். ஆறு என்று சொன்னால் காவிரிக்காரர்கள் சிரிப்பார்கள். கோடையில் அமராவதி எப்படி மணலுக்குள் மெலிந்து கிடக்குமோ அந்த அளவுதான். கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் இருக்கும், பேன்ட்டை மடித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அந்தக் கடலோரத்தில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே நாலு மீட்டர் வரை வித்தியாசம் வரும். சென்னைக் கடலில் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே அதிகம். நான் அந்தக் கணக்கில் இருந்துவிட்டேன். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு தெற்குக் கரைக்குப் போய் மூன்று மணி நேரம் ஆடிவிட்டுத் திரும்பினால், ஆறு என் இடுப்புக்கு மேலே நிற்கிறது. கரையில் கழற்றி வைத்த செருப்பில் ஒன்று மிதந்துபோய்விட்டது. தார்ச்சாலைப் பாலம் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு சுற்றி வந்தோம். ஆர்ப்ரோத் வரும்வரை உன் அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே இந்தத் தடவை ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் நாளைக் குறிப்பேன். உன் எக்செல் தாள் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

ஆற்றுக்குத் தென்கரையில், மேட்டின் உச்சியில், செங்கல் நிறத்தில் பாதி இடிந்து நிற்குமே, ரெட் காஸில், அதன் கதையை உனக்கு அப்போது முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம், நீ இரண்டு பிள்ளை பெற்றவள். 12-ஆம் நூற்றாண்டில் வில்லியம் என்ற அரசன் காலத்தில் அங்கே முதலில் கோட்டை எழுந்தது. ஆர்ப்ரோத் மடாலயத்தை 1178-இல் நிறுவியவனும் அவனே. இப்போது நிற்கிற சுவர் பெரும்பாலும் 15-ஆம் நூற்றாண்டு. 1328-இல் ராபர்ட் புரூஸ் இந்தக் கோட்டையை ராஸ் பிரபுவுக்குக் கொடுத்தார். அதெல்லாம் பாடப்புத்தகச் சங்கதி. சுவாரசியம் 1579-இல் ஆரம்பிக்கிறது. கோட்டைக்குச் சொந்தக்காரி எலிசபெத் பீட்டன் சீமாட்டியை ஜேம்ஸ் கிரே என்பவன் கல்யாணம் செய்துகொண்டான். செய்துகொண்டவன் சும்மா இருக்காமல் அவளுடைய மகள்மேல் மோகம் கொண்டான். அம்மாக்காரி ஆளை வெளியே துரத்தினாள். அவன் போய்த் தன் அண்ணன் தம்பியைத் திரட்டிக்கொண்டு வந்து இரண்டு வருடம் கோட்டையை முற்றுகை போட்டான், கடைசியில் 1581-இல் தீ வைத்தான். நம் ஊர் சீரியல் எழுதுகிறவர்கள்கூட இரண்டு தடவை யோசிப்பார்கள். அந்தத் தீக்குப் பிறகு கோட்டை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

பேரனுக்கு இதில் முற்றுகையை மட்டும் சொல்லு, போதும். அப்புறம், கோட்டைச் சுவருக்கு அடியில் போக விடாதே. கல் உதிர்கிறது, மேடும் சரிந்துகொண்டிருக்கிறது. நீ சின்னவளாக இருந்தபோது நாம் போய்த் தொட்டுப் பார்த்தோம், இப்போது எனக்கே பயம். மணலில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அது அழகும்கூட. மாலை வெயில் மேற்கிலிருந்து, அதாவது நிலத்துப் பக்கமிருந்து வரும். கல் பழுத்த மிளகாய் நிறத்துக்கு மாறும். ஜூலை முதல் வாரத்தில் சூரியன் மறைய இரவு பத்து ஆகும் என்பதால் அவசரமே இல்லை, பிள்ளைகளைத் தூங்க வைப்பதுதான் கஷ்டம்.

வடக்கே நடந்தால் போடின் முனை. அங்கே தெரிகிற கட்டடத்தையும் நீ கோட்டை என்று நினைத்து ஓடினாய். கிட்டே போனால் சுண்ணாம்புக் காளவாய். 18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்து வயல்களின் புளிப்பை எடுக்கச் சுண்ணாம்புக்கல்லை எரித்துக் கொட்டினார்கள். கடலை ஒட்டிக் கோட்டை மதில் மாதிரிக் கட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எலிஃபன்ட் ராக். எரிமலைக் குழம்பு இறுகிய பாறை, நடுவில் ஓட்டை விழுந்து, தும்பிக்கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு ஓர் ஆனை நிற்கிற மாதிரியே இருக்கும். மேலே மேட்டில் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, பழைய கல் பலகைகள், எழுத்து பாதி அழிந்துபோய். இயலுக்கு ஆனை பிடிக்கும் என்று சொன்னாயே, அவளுக்கு அது ஒன்றே போதும். வயல் ஓரமாக நடக்க வேண்டியிருக்கும். யாராவது கேட்பார்களோ என்று மாப்பிள்ளை தயங்க வேண்டாம். 2003-இல் வந்த சட்டப்படி ஸ்காட்லாந்தில் யார் நிலத்தின் வழியாகவும் பொறுப்பாக நடந்துபோக எல்லோருக்கும் உரிமை உண்டு. பயிரை மிதிக்கக் கூடாது, நாம் திறந்த கேட்டை நாமே மூட வேண்டும், ஆட்டுக்குட்டிகளை மிரட்டக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். கல்.

“ஒண்ணுமே இல்லப்பா” என்று சொல்லி அரைமணி நேரம் உம்மென்று உட்கார்ந்திருந்தவள், கூழாங்கல் குவியலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாய். திடீரென்று, “அப்பா, இது உள்ளே கோடு கோடா இருக்கு.” உருளைக்கிழங்குத் தோல் மாதிரி அசிங்கமான ஒரு கல். ஒரு பக்கம் உடைந்திருந்தது. அந்த உடைப்பில் வெண்மையும் இளநீலமும் செம்பழுப்புமாக, மரத்தின் வயது வளையம்போல, வரி வரியாக. எனக்கும் என்னவென்று தெரியாது. நாயோடு வந்த கிழவர்தான் அகேட் என்று சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து நானும் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன். சுமார் 40 கோடி வருடங்களுக்கு முன்னால் இந்தப் பகுதி எரிமலைக் குழம்பு ஓடிய பூமி. குழம்பு இறுகும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் வெற்றிடமாக நின்றுவிட்டன. பாறைக்குள் ஊறிய தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்த சிலிக்கா அந்தக் குமிழிக்குள் ஒரு படலத்தின்மேல் இன்னொரு படலமாகப் படிந்தது. தோசைக்கல்லில் மாவு ஊற்றுகிற மாதிரி நினைத்துக்கொள், ஆனால் வெளியிலிருந்து உள்நோக்கி. பிறகு அலை பாறையை அரைத்துவிடும், குமிழிக்குள் இறுகிய கல் அதைவிடக் கெட்டி என்பதால் தப்பித்துக் கரைக்கு உருண்டு வரும். லூனன் பேயிலிருந்து மான்ட்ரோஸ் வரையுள்ள இந்தக் கரை அகேட் சேகரிப்பவர்களிடையே பேர்போனது.

எப்படித் தேட வேண்டும் என்று நிலனுக்கு இப்போதே சொல்லிவை. காய்ந்த கல்லில் தேடக் கூடாது. கடல் இறங்கிக்கொண்டே போகும்போது, பின்னாலேயே போய், ஈரமாக இருக்கும் கல்லில் பார்க்க வேண்டும். சூரியனுக்கு எதிரே குனிந்து நடந்தால் வெளிச்சம் ஊடுருவும் கல் தானாகப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். சுத்தியல் வேண்டாம். ஒரு கைப்பிடிக்கு மேல் எடுக்க வேண்டாம், மற்ற பிள்ளைகளும் வருவார்கள். நீ சேர்த்தவை எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு உன் அறை ஜன்னலில்தான் இருக்கின்றன. உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்திருப்போமே, நிறம் தெரிவதற்காக, அதை உன் அம்மா இன்னும் மாற்றுகிறாள். மாதம் ஒரு தடவை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மணல் மேட்டோரம் சதுரச் சதுரமாகக் கிடக்கும் கான்கிரீட் கட்டைகள் இரண்டாம் உலகப் போர் காலத்தவை. ஜெர்மன் டாங்கிகள் இறங்கிவிடக் கூடாதென்று போட்டது. டாங்கி வரவில்லை, நீ ஏறிக் குதித்தாய். தெற்கு மூலையில் ஈத்தி ஹேவன், ஒரு கைக்குள் அடங்கும் வீட்டு வரிசை, பழைய மீனவர் குடில்கள். அந்தப் பக்கக் கடலில் கம்பம் நட்டுச் சால்மனுக்கு வலை கட்டுவார்கள், ஞாபகம் இருக்கலாம். மீன் குறைந்துபோனதால் 2016-இல் கரையோரத்தில் சால்மன் வலை போடுவதை நிறுத்திவிட்டார்கள். ரயிலும் அந்த இடத்தை ஒட்டித்தான் போகிறது. ஒரு காலத்தில் லூனன் பேக்கு ஸ்டேஷனே இருந்திருக்கிறது, 1930-இல் மூடிவிட்டார்கள். நீங்கள் அபர்டீன் போகும்போது ஆர்ப்ரோத் தாண்டியதும் வலது பக்க ஜன்னலில் கண்ணை வை. சில விநாடி மொத்த வளைவும் தெரியும், பிறகு மேடு மறைத்துவிடும். போனை எடுத்துப் படம் பிடிப்பதற்குள் போய்விடும், நான் பல தடவை முயன்று பார்த்துவிட்டேன்.

மாப்பிள்ளை டிரோன் கொண்டுவருகிறாராம். கொண்டுவரட்டும். ஆனால் ‘ஹார்’ என்று ஒன்று இருக்கிறது, அவரிடம் சொல்லிவை. குளிர்ந்த வட கடல்மேல் இதமான காற்று வரும்போது எழும் மூடுபனி. டண்டீயில் வெயில் சுள்ளென்று அடிக்கும், முக்கால் மணி நேரம் காரோட்டி அங்கே போய் இறங்கினால் உன் கையை நீட்டினால் விரல் தெரியாது. போன வருடம் ஜூனில் அப்படித்தான். உன் அம்மா என்னைவிட்டுப் பத்தடி தள்ளி நடந்தாள், ஆள் மறைந்துவிட்டாள், அலைச் சத்தம் மட்டும். பிறகு ஒரு சிப்பி தின்னும் பறவை, கறுப்பும் வெள்ளையுமாக, கேரட் நிறத்தில் நீள அலகோடு, எங்கள் நடுவே கத்திக்கொண்டு பறந்தது. சட்டென்று திரை விலகின மாதிரி ரெட் காஸில் தெரிந்தது. ஹாரைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். அரைமணி காரில் உட்காருங்கள், ப்ளாஸ்க் எதற்கு இருக்கிறது!

கடலில் குளிக்கிற எண்ணம் வேண்டாம். ஜூலையிலும் தண்ணீர் 13 டிகிரிக்குப் பக்கத்தில்தான். மெல்போர்ன் பிள்ளைகள் கால் நனைத்தாலே அலறப் போகிறார்கள்.

திரும்பும் வழியில் ஆர்ப்ரோத்தில் நிறுத்துவோம். துறைமுகத்துப் பக்கம் ஸ்மோக்கி வாங்க வேண்டும். நீ இதை மறந்திருக்க மாட்டாய். ஹேடக் மீனை உப்பில் போட்டு, இரண்டிரண்டாக வாலில் சணல் கயிற்றால் கட்டி, கட்டையில் தொங்கவிட்டு, கெட்டி மர நெருப்பின் புகையில் சுட்டு எடுப்பது. கருவாடு மாதிரி காய வைப்பதில்லை, வெந்தே வருகிறது. அப்படியே பிய்த்துச் சாப்பிடலாம், தோல் செம்பு நிறத்தில் மினுங்கும். இதன் பூர்வீகம் ஆர்ப்ரோத் இல்லை, வடக்கே செங்குத்துப் பாறைக்குமேல் இருக்கிற ஆக்மித்தி என்கிற சின்ன மீனவக் கிராமம். அங்கே பெண்கள் தங்கள் ஆண்களை முதுகில் சுமந்துகொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் படகில் ஏற்றிவிடுவார்களாம், கால் நனையாமல் கடலுக்குப் போக வேண்டும் என்று. ஆற்றைக் கடந்த அன்று இதை நான் உன் அம்மாவிடம் சொன்னது பெரிய தப்பு. 2004 முதல் ஆர்ப்ரோத்தைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயரையே வைக்கலாம் என்று சட்டம். உன் அம்மா அதை உதிர்த்துச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல் போட்டுச் சுறாப்புட்டு மாதிரிச் செய்வாளே, அதற்கு நாலு ஜோடி வேண்டும் என்று இப்போதே சொல்கிறாள்.

நிலனுக்கு இன்னொன்று. கால்பந்துப் பைத்தியம் என்கிறாயே, ஆர்ப்ரோத் அணியின் மைதானம் கடலோரத்திலேயே இருக்கிறது, வெளியிலிருந்தாவது காட்டலாம். 1885-இல் இந்த அணி பான் அக்கார்ட் என்ற அணியை 36-0 என்று அடித்தது. அச்சுப்பிழை இல்லை, முப்பத்தாறு. எதிரணிப் பையன்களை நினைத்துப் பார், வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போயிருப்பார்கள்!

மடாலயத்துக்கு நேரமிருந்தால் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை வலியுறுத்திப் போப்பாண்டவருக்கு எழுதிய 1320-ஆம் வருடக் கடிதம் அங்கிருந்துதான் போனது. ஆனால் உன் பிள்ளைகளின் காலில் மணல் ஒட்டியிருக்கும், பாதி தூங்கிக்கொண்டிருப்பார்கள். வற்புறுத்த மாட்டேன்.

அக்டோபரில் வந்திருந்தால் மான்ட்ரோஸ் கழிமுகத்தில் வாத்துகளைக் காட்டியிருப்பேன். ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் இறங்கும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள், சில வருடங்களில் 60,000-ஐத் தாண்டியிருக்கிறது. விடிகாலையில் மொத்தமாகக் கிளம்பும்போது வானம் கதவு கதவாகத் திறக்கிற சத்தம். பள்ளி விடுமுறை அப்போது இல்லை என்பாய். தெரியும், தெரியும்.

அட்டவணையில் பார்த்தேன். ஸ்கையிலிருந்து நீங்கள் ஐந்து மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்து சேருகிற நாளுக்கு மறுநாள் வெள்ளைக் கட்டம். அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு கடல் இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். இறங்கினால் அதுவே நாள். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் உன் அம்மா பொறுப்பு. கம்பளமும் குடையும் என் பொறுப்பு. குடை அங்கே காற்றில் நிற்காது, இருந்தாலும் எடுத்துக்கொள்வேன்.

நிலனுடைய கால் அளவை அனுப்பு. ரப்பர் பூட்ஸ் வாங்கி வைக்க வேண்டும். இயலுக்கு வாங்க வேண்டாமாம், உன்னுடைய பழைய சிவப்பு ஜோடி பரணில் இருக்கிறது, சரியாக இருக்கும் என்கிறாள் உன் அம்மா. எனக்குச் சந்தேகம்தான். நேற்று ஏணி போட்டு எடுத்துப் பார்த்தேன். இடது கால் பூட்டுக்குள் இன்னும் மணல் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா